வன்னிக்கு இரண்டு நாள் போதுமா? வாகனத்திலேயே தங்கிச் சுற்ற வரும் சோடிகளுக்கு

கேள்வி – கனடாவிலிருந்து ஒரு வாசகர்
2024 யூன் 7

"நானும் மனைவியும் போன வருடம் நியூசிலாந்தின் தென்தீவைக் கரவனில் சுற்றினோம். பனியாறு, மழைக்காடு, ஏரி, கடற்கரை என்று ஒரே நாளுக்குள் நிலம் மாறிக்கொண்டே இருந்தது. இந்த டிசம்பரில் இலங்கையையும் அப்படியே வாகனத்தில் சமைத்து, அதிலேயே படுத்துச் சுற்றப்போகிறோம். மலைநாட்டுக்கு ஒரு கிழமை, தெற்குக் கடற்கரைக்கு ஒரு கிழமை. வன்னிக்கு இரண்டு நாள் போதும் என்று நினைக்கிறேன். சின்ன வயதில் ஏ9 வீதியால் போனபோது பார்த்தது முழுக்க ஒரே பற்றைக்காடுதான். சரிதானே?"

2024 யூன் 8, இரவு

போதாது தம்பி. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே கிடக்கிற வடக்குப் பெருநிலம் முழுக்க வன்னிதான். ஏ9 வீதியில் போனதை வைத்து வன்னியை அளக்கவும் வேண்டாம். அது யாழ்ப்பாணத்துக்குக் கெதியாகப் போய்ச் சேருகிறவர்களின் வீதி. குளங்களும் களப்புகளும் (கடலோரத்து உப்புநீர் ஏரிகள்) கடலும் அதற்கு இரண்டு பக்கமும் உள்ளே தள்ளிக் கிடக்கின்றன. அந்த வழியால் போகிறவர்கள் முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு திரும்ப ஏறிவிடுவார்கள். பிள்ளையாரைக் கும்பிட்டது நல்லது. வன்னி அதற்கப்பால் இருக்கிறது.

நானும் இவரும் முள்ளியவளைப் பக்கம். இவர் முன்பு லொறி ஓட்டினவர். பிள்ளைகள் தங்கள் தங்கள் பாட்டைப் பார்க்கத் தொடங்கிய பிறகு ஒரு பழைய ஹைஏஸை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றிப் பலகை அடித்துப் படுக்கை போட்டோம். வயல் வேலை ஓய்ந்திருக்கும் நாட்களில் வெளிக்கிட்டுவிடுவோம். மலைநாட்டுக்கும் போயிருக்கிறோம், தெற்குக்கும் போயிருக்கிறோம். ஆனால் கூடுதலாகச் சுற்றியது எங்கள் வன்னியைத்தான்.

நீங்கள் பார்த்த தென்தீவில் உயரம் ஏற ஏற நிலம் மாறியிருக்கும். இங்கே உயரம் இல்லை. வன்னியில் நிலத்தை மாற்றுவது தண்ணீர். தண்ணீர் நிற்கிற இடம் ஒரு நிலம், ஓடுகிற இடம் இன்னொரு நிலம், ஊறுகிற இடம், உப்பாகிற இடம், தண்ணீரே எட்டாத இடம் என்று ஒவ்வொன்றும் வேறு. அதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பத்துக் கிலோமீற்றருக்குள் நிலம் மாறுவது கண்ணில் படும்.

ஒன்று செய்து பாருங்கள். விடிய மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி, முல்லைத்தீவு வீதியில் ஆறுதலாக வாருங்கள். மொத்தமே ஐம்பது கிலோமீற்றருக்குள்தான். முதலில் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற வறண்ட காடு. ஒட்டுசுட்டானை நெருங்கக் காடு விலகி வயல் வரும். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் போவதைக் காணலாம். முள்ளியவளை, தண்ணீரூற்று வந்ததும் மண் மணலாகிவிடும். தென்னையும் பனையும் கமுகும் மாமரமுமாக நிழல் கட்டியிருக்கும், கிணற்றில் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் இருக்கும். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் நந்திக்கடல் களப்பு. பிறகு கடல். முல்லை, மருதம், நெய்தல் மூன்றையும் காலைச் சாப்பாட்டுக்கு முன்னரே கடந்துவிடுவீர்கள்.

2024 யூன் 9

"வாடகைக்குப் பெரிய கரவன் எடுக்கலாமா, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி?" என்று அதே தம்பி கேட்டிருக்கிறார்.

இழுக்கிறது வேண்டாம். உள் வீதிகளில் எதிரே உழவு இயந்திரம் பெட்டியோடு வந்தால் ஒதுங்க இடமில்லை. பின்னுக்கு எடுத்துத் திருப்பவும் முடியாது. கொழும்பு, நீர்கொழும்புப் பக்கம் படுக்கை போட்ட சிறிய வாகனங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அது போதும். வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தோடு மட்டும் இங்கே ஓடக்கூடாது, தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். நியூசிலாந்தில் ஓடியதால் இடப் பக்கம் ஓடிப் பழகியிருப்பீர்கள், அது நல்லது.

நாங்கள் கொண்டு போவதைச் சொல்கிறேன். 5 கிலோ கேஸ் சிலிண்டரும் ஒற்றை அடுப்பும். இரண்டு பெரிய கான் தண்ணீர், ஒன்று குடிக்க, ஒன்று கழுவ. வவுனியாப் பக்கம் கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். சிறுநீரக நோயால் கனபேர் கஷ்டப்பட்ட இடம் அது. ஆர்.ஓ. தண்ணீர் (இயந்திரத்தில் சுத்திகரித்தது) எல்லா ஊரிலும் விற்கிறார்கள், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். யன்னலுக்கு நுளம்பு வலை கட்டாயம். இவர் சட்டம் அடிக்காமல், வலையின் நான்கு ஓரத்திலும் காந்தத் துண்டுகளை வைத்துத் தைத்துவிட்டார். பின் கதவைத் தூக்கித் தறப்பாளை அதன் மேலால் இழுத்துக் கட்டினால் அதுதான் எங்கள் குசினி. காற்றுப் பக்கம் தறப்பாளைத் தாழ்த்திக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பு நிற்காது. கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிற காலத்தில் மன்னாருக்குப் போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

2024 யூன் 9, பின்னேரம்

வழியில் கழிவறைக்கு என்ன செய்வது என்று உங்கள் மனைவி கேட்கச் சொன்னதாக ஒரு கேள்வி இருந்தது. அதைப் பெண்ணுக்குப் பெண்ணாக நானே எழுதுகிறேன்.

கழிவறைதான் பெரிய பிரச்சினை தங்கச்சி. அங்கே கரவனில் கழிவறை இருக்கும், கழிவைக் கொட்டுவதற்கென்று இடமும் இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. ஏ9 வீதியில் எரிபொருள் நிலையங்கள் உண்டு. மடு மாதா கோயிலில் யாத்திரிகர்களுக்குக் கட்டியிருக்கிறார்கள். கோயில் மடங்களில் கேட்டால் திறந்துவிடுவார்கள். நான் எந்த ஊரில் நின்றாலும் முதலில் ஒரு வீட்டுப் படலையில் போய் நின்று கதைப்பேன். வீட்டுக்காரி கிணற்றடியையும் காட்டுவார், தேத்தண்ணீரும் தருவார். வெறுங்கையோடு போகாமல் ஒரு பை சீனியோ தேயிலையோ கொண்டு போவேன். காசு நீட்டினால் மனம் நொந்துவிடும்.

பற்றைக்குள் மட்டும் ஒதுங்க வேண்டாம். ஏன் என்று இன்னொரு நாள் எழுதுகிறேன்.

2024 யூன் 13

மல்லாவிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அக்கா, கரவன், காம்பிங் எல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம். நம்மவருக்கு எதற்கு?"

ஐயா, மடுத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். ஓகஸ்ட் 15 திருவிழாவுக்குச் சனம் நாட்கணக்காகக் காட்டுக்குள் கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டித் தங்குவது எந்தக் காலத்து வழக்கம்? என் அம்மம்மாவின் காலத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூடார வண்டி கட்டித்தான் வருவார்கள். வண்டிக்குக் கீழே சட்டி பானை தொங்கும், உள்ளே வைக்கோலுக்கு மேல் பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைப்பார்கள், இராத்தங்குவது ஏதாவது குளத்தடியில் மருத மரத்துக்குக் கீழே. மாடு குடிக்கத் தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் வண்டி நிற்கும். நாங்கள் இப்போது ஹைஏஸில் போகிற பாதைகளில் சில அந்த வண்டிப் பாதைகள்தான்.

2024 யூன் 16

இரவில் எங்கே நிறுத்துவது? இதைத்தான் கனபேர் கேட்கிறீர்கள்.

குளக்கட்டில் நிறுத்தாதீர்கள். பார்வைக்கு அதைவிட வடிவான இடம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டு கமக்காரரின் உயிர்நாடி. பாரமான வாகனத்தைக் கட்டில் ஏற்றி இறக்கினால் மண் சரியும். துருசுக்குக் (மதகு) கிட்ட வாகனம் நின்றால் விடியத் தண்ணீர் திறக்க வருகிறவருக்கும் இடைஞ்சல். குளத்துக்குள் கட்டுக்கு எதிரே இருக்கிற அலைகரைப் பக்கமும் வேண்டாம். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற அங்கே பச்சைப் புல் முளைக்கும். பின்னேரம் மாடு மேயும், இருட்டினால் யானை வரும்.

ஒருமுறை நெடுங்கேணிப் பக்கம் ஒரு சின்னக் குளத்துக்குக் கிட்ட நிற்க நினைத்து, வயல் காவலுக்கு வந்த ஒரு பெரியவரிடம் கேட்டோம். "இஞ்சை நிக்காதேங்கோ, வளவுக்குள்ளை விடுங்கோ" என்று தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நடுச்சாமத்தில் மரம் முறிகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை, தவளைகளும் சத்தத்தை நிறுத்திவிட்டன. அந்தப் பெரியவர் திண்ணையில் எழுந்து உட்கார்ந்து யானைவெடி ஒன்றும் போடாமல், தகரத்தைத் தட்டாமல், பேசாமல் இருந்தார். "அது தன்ரை பாட்டிலை போகுது, நாங்கள் ஏன் கோபப்படுத்துவான்" என்றார். விடியப் பார்த்தால் வேலிக்கு அப்பால் ஈர மண்ணில் வட்டத் தடங்கள். ஒவ்வொன்றும் எங்கள் சோற்றுச் சட்டியை விட அகலம். ஓரம் வழுவழுப்பாக, நடுவில் பாதத்தின் வெடிப்புக்கள் கோடு கோடாகப் பதிந்து, அதற்குள் தண்ணீர் ஊறி நின்றது. 

ஆகவே: கோயில் முற்றம், தேவாலய வளவு, ஆட்கள் குடியிருக்கிற வீட்டு வளவு. கேட்டுவிட்டு நில்லுங்கள். இருட்டுக்கு முன்னரே நின்றுவிடுங்கள். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு காட்டு வீதிகளில் ஓடவே வேண்டாம். சுண்டிக்குளம், மடு வீதி போன்ற தேசிய பூங்காக்களுக்குள்ளும் சரணாலயங்களுக்குள்ளும் இராத்தங்க நினைக்கவும் கூடாது.

2024 யூன் 17

மேலே எழுதியதைப் படித்துவிட்டு இவர் சொல்கிறார், யானையை மட்டும் எழுதினால் ஆட்கள் பயந்து வரமாட்டார்கள், மயிலையும் எழுது என்று. சரி, எழுதுகிறேன். விடிய ஐந்து மணிக்கு உங்கள் வாகனத்தின் கூரையில் மயில் வந்து உட்காரும். நித்திரை அதோடு போய்விடும்.

2024 யூன் 30

பாலைப்பழம் தொடங்கிவிட்டது. இந்த இழையைப் படிக்கிற யாராவது இப்போது ஊரில் நின்றால், டிசம்பரை மறந்துவிட்டு இந்தக் கிழமையே வெளிக்கிடுங்கள்.

மழை இல்லாத இந்த வெய்யிலில்தான் காடு பழம் தருகிறது. இதை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நிலம் வெடித்துக் கிடக்கிறது, சின்னக் குளங்கள் சேறாகிவிட்டன, ஆனால் பாலை மரம் மஞ்சளாகப் பழுத்துக் கொட்டுகிறது. வீரையும் சிவப்பாகப் பழுத்து நிற்கிறது. வீதியோரத்தில் சுண்டுக் கணக்கில் அளந்து விற்கிறார்கள். விரல் நுனி அளவுதான் பழம். தோல் மெல்லியது, நசித்தால் தேன் மாதிரி இனிக்கும், ஆனால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சுண்டு தின்று முடித்தால் வாயைத் திறக்கச் சிரமப்படுவீர்கள். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

மரத்தடிக்கு நீங்களாகப் போகாதீர்கள். கரடிக்கும் இதுதான் பருவம். காட்டுக்குப் பழம் பிடுங்கப் போகிறவர்களே கூட்டமாகத்தான் போகிறார்கள். காட்டில் யானையை விடக் கரடிக்குத்தான் ஆட்கள் அதிகம் பயப்படுவார்கள். யானை வருவது தெரியும், கரடி எதிர்ப்பட்ட பிறகுதான் தெரியும்.

2024 யூலை 6

பற்றைக்குள் ஒதுங்க வேண்டாம் என்றதற்குக் காரணம் கேட்டிருந்தீர்கள். மிதிவெடி. பெரும்பகுதி அகற்றியாகிவிட்டது. ஆனாலும் சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்ட இடங்கள் இன்னும் சிலதுண்டு. பலகை விழுந்தும் போயிருக்கலாம். மாடு போகிற தடம், ஆட்கள் நடக்கிற தடம் இவற்றை விட்டு விலகாதீர்கள். வீதியோரத்தில் கிடக்கும் இரும்பு எதையும் கையால் எடுக்க வேண்டாம். இது பயமுறுத்துவதற்கு எழுதுவதல்ல, நாங்கள் எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறோம்.

2024 யூலை 14

மேற்குப் பக்கம்.

மன்னார்த் தம்பி ஒருவர் "அக்கா முல்லைத்தீவை மட்டும்தான் எழுதுவா" என்று குறைப்பட்டிருந்தார். போய்விட்டு வந்தே எழுதுகிறேன்.

ஏ32 வீதி மன்னாரிலிருந்து வடக்கே, வெள்ளாங்குளம், முழங்காவில் வழியாகப் பூநகரிக்குப் போகிறது. இவருக்கு அந்த வீதி அலுப்பு. லொறி ஓட்டினவருக்கு வளைவு இல்லாத வீதி நித்திரையைக் கொண்டுவரும். எனக்கோ அது மிகவும் பிடித்த வீதி. ஒரு பக்கம் காடு, மற்றப் பக்கம் உவர்நிலமும் அதற்கப்பால் பாக்குநீரிணையும். மரம் படிப்படியாகக் குட்டையாகி, முள்ளாகி, கடைசியில் புல்லாகி, அதுவும் இல்லாமல் வெள்ளையாக உப்புப் பூத்த வெளியாகிவிடும். பூநகரியில் திரும்பவும் வயல், மணல் கலந்த மண்ணில் மானாவாரி நெல். மொட்டைக்கறுப்பன் அரிசி கிடைத்தால் விடாதீர்கள், அந்தக் கஞ்சிக்கு இணை இல்லை. பூநகரிக்கு அப்பால் 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம், 288 மீற்றர் நீளம். முன்பு அங்கே பாதை என்று சொல்கிற மிதவையில் வாகனத்தை ஏற்றிக் கடந்த காலமும் உண்டு.

மன்னாருக்குள் போகிறவர்கள் பள்ளிமுனையில் பெருக்குமரத்தை (பாஓபாப்) பார்ப்பார்கள். சுற்றளவு ஏறக்குறைய 19 மீற்றர், ஆனால் உயரம் ஒரு சாதாரண வேப்ப மரத்தைக்கூட எட்டாது. அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். தெருவில் கழுதைகள் நிற்கும், ஹோண் அடிக்காமல் காத்திருங்கள்.

ஆனால் நான் உங்களை நிற்கச் சொல்வது கட்டுக்கரைக் குளத்தடியில். தாதுசேன மன்னன் காலத்தது, 5ஆம் நூற்றாண்டு என்று சொல்கிறார்கள். அருவியாற்றைத் தேக்கம் அணையில் மறித்து, வாய்க்கால் வெட்டி அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். முருங்கன் வயல்கள் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன. அதே அருவியாறு மிச்சத் தண்ணீரோடு அரிப்புக்குக் கிட்டக் கடலில் போய் விழுகிறது. அணையைப் பார்த்து, குளத்தைப் பார்த்து, வயலைப் பார்த்து, பின்னேரம் அரிப்பில் ஆற்றுவாயைப் பாருங்கள். ஒரு ஆற்றின் கதையை ஒரே நாளில் முடித்துவிடலாம். அரிப்பில் கடலோரச் செம்மண் மேட்டில் ஒரு இடிந்த மாளிகை நிற்கிறது. முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்க 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டியது. கடல் அந்த மேட்டை அரித்துக்கொண்டே வருகிறது. ஓரத்துக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டாம்.

2024 யூலை 15

"இரணைமடுவும் பழைய அரசர் காலத்துக் குளம்தானே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்" என்று ஒருவர்.

இப்போது நீங்கள் பார்க்கிற இரணைமடுக் குளம் ஆங்கிலேயர் காலத்தில், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. பிறகு பல தரம் கட்டை உயர்த்தியிருக்கிறார்கள். வட மாகாணத்தில் அதுதான் பெரிய குளம். கனகராயன் ஆறு தெற்கிலிருந்து வந்து அதற்குள் விழுகிறது, வெளியே போகிற தண்ணீர் சுண்டிக்குளம் களப்புக்குப் போகிறது. கனகராயன்குளத்தில் நீங்கள் பாலத்தால் கடக்கிற சின்ன ஆறுதான் அது. ஏ9 வீதியில் போனபோது அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

2024 யூலை 28

முள்ளிவாய்க்கால் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது நாகரிகத்துக்காக என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பரந்தன் வீதியால் புதுக்குடியிருப்பு தாண்டி முல்லைத்தீவுக்கு வருகிறவர்கள் அதைக் கடந்துதான் வர வேண்டும்.

நந்திக்கடலுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம் அது. தண்ணீரும் வெளிச்சமுமாக, வன்னியிலேயே வடிவான இடங்களில் ஒன்று. அந்த மணலில்தான் 2009 இல் போரின் கடைசி நாட்களில் எங்கள் சனம் நெருக்குண்டு கிடந்தது. அங்கே தறப்பாள் கட்டிச் சமைக்காதீர்கள். இரவு தங்காதீர்கள். வாகனத்தை நிறுத்தி இறங்கி, நினைவிடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போங்கள். பூ வைக்க விரும்பினால் வையுங்கள். மே 18க்குக் கிட்ட வந்தால் வீதியோரத்தில் கஞ்சி கொடுப்பார்கள், உப்பு மட்டும் போட்ட கஞ்சி, அந்த நாட்களில் சனம் குடித்து உயிர் தப்பிய கஞ்சி. கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். ஏன் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எங்கள் வீட்டிலும் அந்த மணலில் விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு, அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

வட்டுவாகல் பாலம் ஒரு வாகனம் மட்டும் போகிற அகலம். எதிரே வருகிறவர் கடந்த பிறகு ஏறுங்கள்.

2024 ஓகஸ்ட் 11

சாப்பாடு பற்றி நிறையப்பேர்.

குளத்து மீனைக் குளத்தடியிலேயே வாங்குங்கள். விடிய ஆறு மணிக்கு வள்ளம் கரைக்கு வரும். யப்பான் மீன் (திலாப்பியா) தான் கூடுதல், விரால் கிடைத்தால் அதிர்ஷ்டம். யப்பான் மீனுக்குச் சேற்று மணம் இருக்கும் என்று ஒதுக்குகிறவர்கள், உப்பும் பழப்புளியும் போட்டுப் பிசைந்து இரண்டு தரம் கழுவிப் பாருங்கள். பிறகு மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டி, அந்த ஒற்றை அடுப்பில் பொரியுங்கள். பாணோடு தின்னலாம். எருமைத் தயிர் மண்சட்டியில் வரும். வெய்யிலில் வாகனத்துக்குள் விட்டால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும், வாங்கினவுடன் முடியுங்கள்.

நாயாற்றில் கடல் மீன். அங்கிருந்து கொக்கிளாய் வரைக்கும் கடற்கரை மணலைக் குனிந்து பாருங்கள், அலை வடிந்த இடங்களில் கரிக்கோடு போட்ட மாதிரி கறுப்பு மணல். இல்மனைற். இவர் நுளம்பு வலையில் தைத்த காந்தத்தில் ஒன்றைக் கழற்றி மணலுக்குள் விட்டு எடுத்தார், மயிர் முளைத்ததுபோல் கறுப்பு மணல் ஒட்டிக்கொண்டு வந்தது. புல்மோட்டையில் அதைத்தான் அள்ளி ஏற்றுமதி செய்கிறார்கள்.

2024 செப்டெம்பர் 22

டிசம்பர் பற்றி நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. கனடாத் தம்பி விமானச் சீட்டு எடுக்க முன்னர் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரைக்கும். மழைக்காலப் போகமான காலபோக விதைப்பு முடிந்து வயல் பச்சை பிடிக்கும், குளங்கள் வான் பாயும், குளத்தடியில் சனம் வேடிக்கை பார்க்க நிற்கும். பார்க்க அருமையான காலம். ஆனால் வாகனத்தில் தங்குகிறவர்களுக்குக் கஷ்டமான காலம். கிரவல் வீதிகள் சேறாகும், சின்னப் பாலங்களுக்கு மேலால் தண்ணீர் போகும், உடுப்புக் காயாது. தை கடைசியில் வாருங்கள். குளம் நிறைந்திருக்கும், மழை விட்டிருக்கும், வயல் கதிர் தள்ளியிருக்கும், காற்றும் குளிர்ச்சி. வங்காலையிலும் சுண்டிக்குளத்திலும் பூநாரைகளும் ஊசிவால் வாத்துக்களும் இன்னும் நிற்கும்.

2024 செப்டெம்பர் 24

கனடாத் தம்பி பயணத்தைத் தைக்கு மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறார். சந்தோசம். இரண்டு நாளையும் பத்து நாளாக்குங்கள் என்று கேட்டிருந்தேன், ஒரு கிழமைக்கு இறங்கியிருக்கிறார். ஒரு கிழமை என்றால் எல்லாவற்றையும் பார்க்க ஓடவேண்டாம். ஒரு ஆற்றைப் பிடியுங்கள். மேற்கில் அருவியாறு, நடுவில் கனகராயன் ஆறு, கிழக்கில் முத்தையன்கட்டுக்கு வரும் பேராறு. ஏதாவது இரண்டை எடுத்து, காட்டிலிருந்து குளத்துக்கும் குளத்திலிருந்து களப்புக்குமாகப் பின்தொடர்ந்து போங்கள். பார்த்த இடங்களின் பட்டியலை விட அது கூடுதலாக மனதில் நிற்கும்.

2024 டிசம்பர் 3

ஃபெஞ்சல் புயல் மழையில் வடக்குக் கிழக்கு முழுக்க வெள்ளம். எங்கள் பக்கமும் வயல்கள் தண்ணீருக்குள். தெரிந்த கமக்காரர் பலருக்கு விதைத்தது போய்விட்டது. இந்த மாதம் வன்னிக்கு வருகிறவர்கள் சுற்றிப் பார்க்க என்று வராமல், கை கொடுக்க என்று வந்தால் நல்லது. உலர் உணவும் பாயும் பிள்ளைகளுக்குக் கொப்பிகளும் தேவை. ஊர்ப் பாடசாலையில் கேட்டால் யாருக்கு என்ன வேண்டும் என்று சொல்வார்கள்.

2025 பெப்ரவரி 9

வந்தார்கள்! கொழும்பில் எடுத்த வாகனத்தோடு எங்கள் வளவில்தான் முதல் இரவு நின்றார்கள். தங்கச்சி நான் நினைத்ததை விடச் சுறுசுறுப்பு. கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குளித்துவிட்டுத்தான் கதைக்கவே தொடங்கினா. வெள்ளத்துக்குப் பிறகு மிஞ்சிய வயல்களில் அறுவடை தொடங்கியிருந்தது. வீதியோரத்தில் நெல்லைக் காயப் போட்டிருந்ததால் வாகனத்தை எங்கே விடுவது என்று தம்பி தடுமாறினார்.

பிறகு அவர்கள் சுண்டிக்குளத்துக்குப் போனார்கள். கட்டைக்காட்டுப் பக்கத்தால் போனால் மணல் என்று சொல்லியிருந்தேன். பின் சக்கரம் புதைந்ததும் மீனவத் தம்பிமார் வந்து, ரயர்க் காற்றைக் குறைத்து, பனையோலையை அடியில் போட்டுத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் நின்றபோது களப்பின் நடுவே வெளிறிய சிவப்பாக ஒரு கோடு தெரிந்ததாம், அது எழும்பிப் பறந்தபோதுதான் பூநாரைகள் என்று விளங்கியதாம். தங்கச்சி படம் எடுக்க மறந்துபோனா. இன்னும் மூன்று நாள் கூட்டி நின்றுவிட்டு, மலைநாட்டுக்கு ஒதுக்கியதில் வெட்டிவிட்டார்கள்.

தம்பி எனக்கு ஒன்று சொன்னார், அதை இங்கே பதிகிறேன். தென்தீவில் நல்ல இடங்களில் எல்லாம் தாங்கள் இருவர் மட்டுமே நின்றதாம். இங்கே எங்கே நிறுத்தினாலும் பத்து நிமிடத்துக்குள் யாராவது வந்து "எந்த ஊர், ஆற்றை பிள்ளை (யாருடைய பிள்ளை)" என்று கேட்டார்களாம். முதலில் அவருக்கு அது கரைச்சலாக இருந்திருக்கிறது. தனிமை தேடி வருகிற சோடிகள் இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். கேட்கிறவர்கள் உங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் கேட்கிறார்கள். பதில் சொன்னால் இரவு நிம்மதியாகப் படுக்கலாம்.

2025 ஏப்ரல் 20

வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாகனத்தோடு வரலாமா என்று லண்டனிலிருந்து ஒரு அக்கா.

வாருங்கள் அக்கா. வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை பொங்கல். அதற்கு முந்திய கிழமையே வந்துவிடுங்கள். சிலாவத்தையில் கடல் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பதை அப்போதுதான் ஆறுதலாகப் பார்க்கலாம். பொங்கலன்று எல்லா மாவட்டத்திலிருந்தும் சனம் வரும், காவடியும் பாற்செம்புமாக வீதி நிறைந்துவிடும், வாகனத்தைக் கோயிலுக்குக் கிட்டவும் விடமாட்டார்கள். முள்ளியவளையிலேயே விட்டுவிட்டு நடப்பதுதான் சுகம். வைகாசி வெய்யில் கடுமை, தண்ணீர்ப் பந்தல் வழிநெடுக இருக்கும். இரவு முழுக்கக் கண்விழிக்க வேண்டிவரும், ஆகையால் பகலில் படுத்து எழும்ப நிழலுள்ள ஒரு வளவை முன்கூட்டியே பேசி வையுங்கள்.